காய்ப்பு ஏறிய விரலை டச் ஸ்கிரீன் ஏன் கண்டுகொள்வதில்லை?

கேள்வி இதுதான்: "குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தை முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். பேரன் வாங்கிக் கொடுத்த டச் போன் அவர் விரலுக்கு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. நான் தொட்டால் உடனே திறக்கிறது. 'உங்க விரல்ல கரண்ட் இல்லம்மா, ரத்தம் சுண்டிப்போச்சு' என்று யாரோ சொல்லிவிட, அத்தை பயந்து போயிருக்கிறார். விரலில் ஓடும் மின்சாரத்தைத்தான் போன் கண்டுபிடிக்கிறதா? அத்தைக்கு உடம்பில் ஏதாவது குறையா?"

முதலில் அத்தையிடம் போய்ச் சொல்லுங்கள்: அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ரத்தமும் சுண்டவில்லை, கரண்டும் குறையவில்லை. என் அம்மாவும் பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவர் விரலையும் போன் மதிக்காது. நான் காட்பாடியில் பல வருடமாக மாணவர்களுக்கு மின்னணுவியல் பாடம் எடுக்கிறேன், சாயங்காலம் தம்பியின் செல்போன் சர்வீஸ் கடையில் உட்காருகிறேன். இந்தக் கேள்வியோடு அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கையால் உழைப்பவர்கள். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

நம் நரம்பிலும் இதயத்திலும் மின்சாரம் உண்டு, உண்மைதான். ஆனால் போன் அதைப் படிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் முள் குத்தும், காயின் உடம்பைப் பிடித்து அதன் அடிப்பக்கத்தால் திரையைத் தடவுங்கள். திரை நகரும். கத்தரிக்காய்க்கு நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. அதற்குள் இருப்பது உப்புச்சத்து கரைந்த ஈரம். உங்கள் கைக்குள் இருப்பதும் அதுதான். போனுக்கு வேண்டியது அந்த ஈரம் மட்டுமே.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் எல்லோருக்கும் தடுக்கும். ஈரமான உடம்பு மின்சாரத்தைக் கடத்தும், சரி. நாம் தொடுவது கண்ணாடியை ஆயிற்றே? கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேல் ஸ்கிரீன் கார்டு வேறு ஒட்டியிருக்கிறோம், அதுவும் கடத்தாது. அப்படியானால் விரலுக்கும் போனுக்கும் இடையில் எது போகிறது?

வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அகழி. மதில் பக்கம் ஒரு கூட்டம், இக்கரையில் ஒரு கூட்டம். அந்தப் பக்கம் மேளம் அடித்தால் இந்தப் பக்கக் கூட்டம் தண்ணீர் ஓரம் வரை நெருங்கி வரும். மேளம் நின்றால் கலைந்து போகும். அகழியை ஒருவரும் நீந்திக் கடக்கவில்லை, ஆனாலும் அக்கரையில் நடந்ததற்கு இக்கரையில் ஆள் நகர்ந்தது. அகழி குறுகலாக இருந்தால் கூட்டம் முண்டியடிக்கும். அகலமாக இருந்தால் மேளச் சத்தமே சரியாகக் கேட்காது.

கண்ணாடிதான் அகழி. அதற்குக் கீழே போனின் மெல்லிய கம்பிப் பாதைகளில் மின்னூட்டம் ஏறும்போது, விரலுக்குள் உப்பு நீரில் இருக்கும் எதிர் மின்னூட்டம் தோலோரம் நெருங்கி வருகிறது. இறங்கும்போது விலகுகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு வினாடிக்கு லட்சக்கணக்கான முறை நடக்கும். இப்படி நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு பக்கமும் கடத்தி என்று இருக்கும் அமைப்புக்கு மின்தேக்கி என்று பெயர். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து மாற்றுவாரே கண்டென்சர், அதே வகைதான். அளவில்தான் வித்தியாசம். கண்டென்சரை அளக்கும் அலகு ஃபாரட். சீலிங் ஃபேனில் இருப்பது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். போனில் அளக்கும் விஷயம் ஒரு பிக்கோஃபாரட் அளவில் இருக்கும், அதாவது ஃபேன் கண்டென்சரில் 25 லட்சத்தில் ஒரு பங்கு. அதிலும் விரல் பட்டதால் வரும் மாற்றம் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். இவ்வளவு சின்ன மாற்றத்தைச் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சாமான் விடாமல் அளந்துகொண்டே இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆக, உடம்பு மின்கடத்தியாக இருப்பது அவசியம். ஆனால் தோலும் திரையும் கம்பியும் கம்பியும் போல ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'விரலில் கரண்ட் இல்லை' என்ற பேச்சு வருகிறது.

"நான் செருப்புப் போட்டு நிற்கிறேன், எனக்கும் பூமிக்கும் தொடர்பே இல்லையே, அப்போதும் எப்படி?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. வீட்டு எலக்ட்ரீஷியன் டெஸ்டரை பிளக்கில் வைத்து, பின்பக்கக் குமிழில் விரலை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் ரப்பர் செருப்புப் போட்டிருந்தாலும் உள்ளே சின்ன விளக்கு மங்கலாகவாவது எரியும். ஏனென்றால் அவர் உடம்பும் பூமியும் சேர்ந்தே ஒரு கண்டென்சர்தான், செருப்பு நடுவில் உள்ள தடுப்பு. மனித உடம்புக்கு அந்த அளவு 100 பிக்கோஃபாரட்டை ஒட்டி வரும். டெஸ்டரில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை ஆடுகிறது. போன் திரையில் அந்த ஆட்டம் ஆயிரக்கணக்கான மடங்கு வேகம். வேகம் கூடக் கூட கண்டென்சர் சுலபமாக வழிவிடும். அதனால் செருப்பு ஒரு தடையே இல்லை.

இப்போது திரைக்குள் போவோம். இதைக் குடியாத்தத்துக்காரருக்குச் சொல்வது சுலபம், தறியைப் பார்த்தவர்கள் நீங்கள். லுங்கித் துணியில் பாவு நீளவாக்கில், ஊடை குறுக்குவாக்கில். திரையின் கண்ணாடிக்கு அடியிலும் அதே மாதிரி நீளக் கோடுகள், குறுக்குக் கோடுகள். நூலுக்குப் பதில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருள். மின்சாரத்தையும் கடத்தும், ஒளியையும் விடும் அபூர்வமான பொருள் அது. தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிசாகப் பூசியிருப்பார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாது. சில பழைய போன்களை அணைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வைரக் கட்டம் போல லேசாகத் தெரியும். இப்போது வரும் பல போன்களில் இந்த வலையைத் திரையின் பாகமாகவே உள்ளே சேர்த்துவிடுகிறார்கள்.

பாவும் ஊடையும் ஒன்றையொன்று தொடாது, நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு படலம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டிக் கண்டென்சர். கோட்டுக்குக் கோடு 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் நடுத்தர போனில் 15 பாவு, 33 ஊடை, ஏறத்தாழ 500 சந்திப்புகள். போன் ஒவ்வொரு பாவாக மின்துடிப்பை அனுப்பி, எல்லா ஊடையிலும் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கணக்கெடுக்கும். முழுத் திரையையும் இப்படி வினாடிக்கு 60 முறை, 120 முறை, சில போன்களில் அதற்கு மேலும் சுற்றி வரும்.

பாவிலிருந்து ஊடைக்குப் போகும் மின்புலம் எல்லாம் நேர்வழியில் போவதில்லை. கொஞ்சம் மேலே வளைந்து, கண்ணாடிக்கு வெளியே எட்டிப்பார்த்துவிட்டு இறங்கும். அந்த இடத்தில் விரல் வந்து உட்கார்ந்தால், ஊடைக்குச் சேர வேண்டிய பங்கில் கொஞ்சத்தை விரல் வாங்கிக்கொள்கிறது. ஊடையில் வரவு குறைகிறது. அதாவது, விரல் வந்தது என்பதைப் போன் தெரிந்துகொள்வது ஒன்று கூடியதால் அல்ல, குறைந்ததால். என் மாணவர்கள் பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

குறைவு ஒரே கோட்டில் வராது, விரல் இரண்டு மூன்று கோடுகளை மூடும். 5-வது கோட்டில் 20, 6-வதில் 60, 7-வதில் 40 குறைந்தது என்று வையுங்கள். அதிகம் குறைந்த கோட்டுக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுத்தால் 6.17 வரும். கோட்டிடைவெளி 4.5 மில்லிமீட்டர் என்றால், விரலின் நடு 6-வது கோட்டைத் தாண்டி முக்கால் மில்லிமீட்டரில் இருக்கிறது. கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தும் சின்னச் சின்னத் தமிழ் எழுத்துப் பொத்தான்களை நாம் சரியாகத் தட்ட முடிவது இந்தக் கணக்கால்தான்.

இதெல்லாம் நேற்று வந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் மால்வெர்ன் ராடார் ஆய்வு நிலையத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன், விரல் படுவதை மின்தேக்கு முறையில் அறியும் திரையைப் பற்றி 1965-லேயே எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காக யோசித்தது அது. 1970-களில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், அணுத்துகள்களை அதிவேகமாக ஓடவிடும் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்கு இப்படித் திரை செய்தார்கள். சாதாரண ஜனங்கள் கைக்குப் பரவலாக வந்தது 2007-க்குப் பிறகு. அதற்கு முன் நாம் பார்த்தவை பெரும்பாலும் அழுத்தும் வகை. இரண்டு மெல்லிய படலங்களை விரலால் அழுத்தி ஒன்றோடொன்று தொட வைக்க வேண்டும். அதற்குக் காய்ப்பு விரலும் ஒன்றுதான், பேனா முனையும் ஒன்றுதான், கையுறையும் ஒன்றுதான். இன்றும் சில இயந்திரங்களில் அது இருக்கிறது. அத்தைக்கு அந்தத் திரை சுலபமாக வசப்பட்டிருக்கும்.

சரி, அத்தையின் விரலுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் எல்லாம் விளங்கிவிடும். கண்டென்சர் அளவு மூன்று விஷயத்தில் நிற்கிறது: தொடும் பரப்பு, நடுவில் உள்ள தடுப்பின் கனம், அந்தத் தடுப்பு என்ன பொருள் என்பது. நடுவில் காற்றுக்குப் பதில் அதே கனத்தில் கண்ணாடி இருந்தால் கண்டென்சர் அளவு சுமார் 7 மடங்காகும். அதனால் 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள திரைக் கண்ணாடி, மின்சாரக் கணக்கில் 0.1 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். இதை அடிப்படையாக வைத்துக்கொள்வோம்.

இதன் மேல் 0.3 மில்லிமீட்டர் டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் 0.04 கூடி 0.14 ஆகிறது. விரலின் அடையாளம், அதாவது விரல் பட்டதால் போன் அளக்கும் மாற்றம், 70 சதவீதமாகக் குறைகிறது. போன் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிளாஸ் சரியாக ஒட்டாமல் அடியில் 0.1 மில்லிமீட்டர் காற்று நின்றுவிட்டது என்று வையுங்கள், ஒரு தாளின் கனம்தான். மொத்தம் 0.24. அடையாளம் பாதிக்கும் கீழே போய்விட்டது. கிளாஸ் செய்த கெடுதலைவிடக் காற்று செய்த கெடுதல் அதிகம். ஓரம் தூக்கிக்கொண்டு, குமிழ் விட்டுக்கொண்டு இருக்கும் ஸ்கிரீன் கார்டை மாற்றச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான். அழகுக்காக இல்லை.

1 மில்லிமீட்டர் துணிக் கையுறை போட்டால்? துணிக்குள் பெரும்பகுதி காற்றுதான். அடையாளம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆம்பூர்ப் பக்கம் தைக்கும் தோல் கையுறையும் உலர்ந்திருக்கும்வரை அப்படித்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா மெல்லிய ரப்பர் கையுறையோடு போனைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரப்பர் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசு, அதனால் முக்கால்வாசி அடையாளம் தப்பிவிடுகிறது. ரப்பர் கடத்துகிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, எவ்வளவு தள்ளி வைக்கிறது என்பதுதான்.

காய்ப்பும் ஒரு கையுறைதான், கழற்ற முடியாத கையுறை. தோலின் மேல்படலம் உயிரில்லாத செல்கள். மென்மையான விரலில் அது மெல்லிசாக, வியர்வை ஈரத்தோடு இருக்கும், தானும் கொஞ்சம் கடத்தும். வருடக்கணக்கில் இலையை மடித்து உருட்டிய கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அது தடித்துப் போகிறது. நாள் முழுக்கப் புகையிலைத் தூளில் புழங்குவதால் வறண்டும் கிடக்கிறது. வறண்ட தோல் கடத்தாது. உள்ளே உப்பு நீர் தாராளமாக இருந்தும், அது கண்ணாடியிலிருந்து தள்ளி நிற்கிறது. அகழி அகலமாகிவிட்டது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. மென்மையான விரல் கண்ணாடியில் பட்டதும் அமுங்கிப் பரவும், 8 மில்லிமீட்டர் வட்டமாகும். இறுகிய விரல் பரவாது, 4 மில்லிமீட்டர்தான் தொடும். குறுக்களவு பாதி என்றால் பரப்பு கால்வாசி. போனுக்குள் இருக்கும் நிரலோ, 'இவ்வளவு சின்னதாக, இவ்வளவு மங்கலாக வருவது விரலாக இருக்காது, ஏதோ மின்சார இரைச்சல் (வேண்டாத மின் ஆட்டம்)' என்று அதை ஒதுக்கிவிடுகிறது. அத்தை தொட்டதைப் போன் உணராமல் இல்லை. உணர்ந்தும் தள்ளிவிடுகிறது. அந்த வரம்பை வைத்தவர்கள் எந்த மாதிரி விரல்களை மனதில் வைத்து வைத்தார்களோ, அதில் பீடி சுற்றும் விரல் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் சுண்ணாம்பில் கை வைத்தவர்கள், கொத்தனார்கள், தறிக்காரர்கள் என்று பழைய வட ஆற்காடு முழுக்க இந்த விரல்கள்தானே இருக்கின்றன.

ரேஷன் கடையில் கைரேகை விழாமல் அலைவதும் இதுவும் ஒன்றா என்று கேட்கிறார்கள். ஒன்றல்ல. அங்கே ரேகையின் மேடு பள்ளம் தேய்ந்துபோனதால் படம் சரியாக விழுவதில்லை. இங்கே ரேகை முழுசாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இரண்டும் ஒரே விரலில் சேர்ந்து வருவதால் ஒன்று போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி, செய்ய வேண்டியது. விரலை ஈரத்துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், தோல் கொஞ்சம் ஊறினால் போதும். வறண்ட படலத்துக்குள் ஈரம் இறங்கியதும் அதுவே கடத்தியாகிவிடும். இராத்திரி கை கழுவி ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் தோல் மெதுவாக மிருதுவாகும். ஆனால் எண்ணெய் கையோடு உடனே போனைத் தொட்டால் பலன் இல்லை, எண்ணெய் கடத்தாது.

விரல் நுனியால் குத்தாமல், விரலைப் படுக்க வைத்துச் சதைப்பகுதியால் தொடச் சொல்லுங்கள். கடையில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பலருக்கு இதிலேயே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். பலமாக அழுத்தினால் வேலை செய்யும் என்று நினைப்பது பழைய அழுத்தும் திரையின் பழக்கம். அழுத்தம் இங்கே நேரடியாக உதவாது, பரப்பு கூடினால்தான் உதவும்.

போனின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் 'தொடு உணர்திறன்' அல்லது 'கையுறை முறை' என்று ஒன்று பல போன்களில் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். நான் மேலே சொன்ன வரம்பை அது தளர்த்தும். அதன் விலை என்னவென்றால், சில நேரம் தொடாமலே தொட்டதாக எடுத்துக்கொள்ளும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே தொட வேண்டாம். மலிவான சார்ஜர்களின் இரைச்சல் போன் முழுவதையும் ஆட்டுகிறது. உங்கள் விரல் ஆடாமல் இருக்க, போன் மட்டும் ஆடுவதால், விரல் பட்ட இடத்தில் பொய்யான அடையாளம் வருகிறது. திரை தானாகத் துள்ளுவது, தொட்ட இடம் விட்டு வேறு இடம் திறப்பது எல்லாம் இதனால்தான். ஏற்கெனவே மங்கலாக இருக்கும் அத்தையின் விரல் அந்த இரைச்சலில் மூழ்கிப்போகும்.

கத்திரி வெயிலில் இதற்கு நேர் எதிரான தொல்லை வரும். வியர்வைத் துளி திரையில் விழுந்து தனியாக நின்றால், அது பாவுக்கும் ஊடைக்கும் நடுவே பாலம் போட்டு வரவைக் கூட்டிவிடும், விரல் செய்வதற்கு எதிர்மாறாக. அந்தத் துளியில் விரல் பட்டால், விரல் அவ்வளவு தூரம் நீண்டதாகப் போன் நினைத்துக்கொள்ளும். துடைத்துவிட்டு, திரையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பல போன்கள் தங்கள் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால் ஒரு கோல் செய்து கொடுங்கள். ஆம்பூர் பிரியாணி பார்சல் மடித்து வரும் சில்வர் ஃபாயிலில் சுத்தமான துண்டு ஒன்றை எடுத்து, தடித்த பென்சிலின் மொட்டை முனையை மூடி, விரல் பிடிக்கும் இடம் வரை சுற்றுங்கள். முனை 6, 7 மில்லிமீட்டர் அகலமாகத் தட்டையாக இருக்கட்டும். திரையில் கீறல் விழாமல் அந்த முனைக்கு மேல் ஒரு சுற்று மெல்லிய துணி. உள்ளங்கையும் பக்கவாட்டு விரல்களும் ஃபாயிலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கை படாத இடத்தில் ஃபாயில் நின்றுவிட்டால் கோல் வேலை செய்யாது. கடையில் ஸ்டைலஸ் என்று விற்பதும் இதேதான், ரப்பர் முனையில் கடத்தும் பொருள் கலந்திருக்கும்.

இன்னொன்றும் முயன்று பாருங்கள். பீடி சுற்றுவதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதிகம் தேயும். என் அம்மாவுக்குக் கடைசியில் சரிப்பட்டது மோதிர விரல். நடுவிரலை மடித்துக்கொண்டு அந்த விரலின் சதையால் பச்சைப் பொத்தானை மெதுவாகத் தள்ளி என் போனை எடுப்பார். பழகுவதற்கு ஒரு வாரம் ஆனது.